மேட்சிங் முடிஞ்சாச்சு, நாய்க்கு யார் சோறு வைக்கிறது?

ஆன்லைன்ல பழகிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்கன்னு சொன்னா நம்ம ஊர்ல இன்னமும் ஒரு நிமிஷம் அமைதி நிலவும். அப்புறம்தான் "எந்த ஆப்பு?" என்ற கேள்வி வரும். ஆனா நம்பர்களைப் பார்த்தா இது ஒண்ணும் அதிசயம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவர் குழுவும் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2017-ல் சேர்ந்த ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகத்தான் சந்தித்தார்கள். ரொம்ப வருஷம் முதலிடத்தில் இருந்த "ஃப்ரெண்டு அறிமுகப்படுத்தி வச்சான்" இப்போ அதுக்கும் கீழே.

இதுல தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைக்காரரான முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தபோது, 1997-ல், தமிழர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்கினார். அதில் பல பகுதிகள் இருந்தாலும் மக்கள் கூட்டமாக வந்தது வரன் பார்க்கும் பகுதிக்குத்தான். அதுவே பின்னாளில் பாரத் மேட்ரிமோனி ஆனது. 2017-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்தது. அவர் தன் மனைவியைச் சந்தித்ததும் அதே தளத்தின் வழியாகத்தான். தான் எழுதின ப்ரொடக்டைத் தானே டெஸ்ட் பண்ணிப் பார்த்த ஆளு!

சரி, சந்திக்கிறதைப் பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு. சந்திச்ச ரெண்டு பேர் ஒரே வீட்டுக்குள்ள வந்து, அதுக்குள்ள ஒரு நாயோ பூனையோ வந்துட்டா என்ன ஆகும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பாடமாப் பார்க்கப் போறோம். கொஞ்சம் அல்காரிதம், கொஞ்சம் உயிரியல், கொஞ்சம் எங்க சொந்தக்காரங்க கதை.

முதல்ல அல்காரிதம். 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஒரு சின்ன கட்டுரை எழுதினார்கள். இந்தப் பக்கம் பத்துப் பையன்கள், அந்தப் பக்கம் பத்துப் பெண்கள். ஒவ்வொருத்தர் கையிலும் எதிர்ப்பக்கத்தில் யாரை எவ்வளவு பிடிக்கும் என்று வரிசைப்படுத்திய பட்டியல். ஒவ்வொரு பையனும் தன் பட்டியலில் முதலில் இருக்கும் பெண்ணிடம் போய்க் கேட்கிறான். ஒரு பெண்ணிடம் மூன்று பேர் வந்தால், அவர்களில் தனக்கு அதிகம் பிடித்தவனை "இப்போதைக்கு இரு" என்று நிறுத்தி வைத்துவிட்டு மற்ற இரண்டு பேரை அனுப்பிவிடுகிறாள். அனுப்பப்பட்டவன் அடுத்த பெயருக்குப் போகிறான். அங்கே ஏற்கெனவே ஒருத்தன் நின்றாலும், இவனை அதிகம் பிடித்தால் அவள் மாற்றிக்கொள்ளலாம். யாரும் இனி நகர வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும் ஆட்டம் முடிந்தது. இப்படிச் செய்தால், தங்கள் ஜோடிகளை விட்டுவிட்டு ஒருவரையொருவர் தேடி ஓட விரும்பும் இரண்டு பேர் எங்கேயும் இருக்க மாட்டார்கள். அதைத்தான் ஸ்டேபிள் மேட்சிங் என்கிறோம். ஷேப்லிக்கும், இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஐஐடி, என்ஐடி சீட் ஒதுக்கும் ஜோசா கவுன்சலிங் உள்ளே ஓடுவதும் இதே குடும்பத்து அல்காரிதம்தான். (இன்னொரு விஷயம்: இந்த முறையில் யார் போய்க் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் லாபம், காத்திருக்கிறவர்களுக்கு இல்லை. இது நிரூபிக்கப்பட்ட தேற்றம். கடைசி பெஞ்ச் மக்கள் கவனிக்கவும்.)

இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற அனுமானம் என்னன்னா, பட்டியல் முன்கூட்டியே தெரியும், அது மாறாது. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டுமே பொய்யாகிடும். எனக்கு இது புரிஞ்சது அண்ணாகிராமத்துல.

கடலூர் மாவட்டத்துல, நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் சுத்துவட்டாரத்துல இருக்கு அண்ணாகிராமம் ஒன்றியம். கரும்பும் நெல்லும் விளையுற ஊர்கள். எங்க பெரியம்மா பொண்ணு, அதாவது எங்க அக்கா, அங்கதான் இருக்காங்க. 2020 லாக்டவுன்ல மாடித்தோட்டத்துக்கான ஒரு ஃபேஸ்புக் குரூப்ல "கறிவேப்பிலைச் செடியில மாவுப்பூச்சி, என்ன பண்றது?"ன்னு கேட்டிருக்காங்க. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து அடிக்கச் சொன்னவர் கோயம்புத்தூர் பக்கம். அவர்தான் இப்போ எங்க மாமா. வீட்டுல இருந்தே வேலை பார்க்கிற ஐடி ஆளு. 2022-ல கல்யாணம் முடிஞ்சதும் பெரியம்மா வீட்டுக்கே குடி வந்துட்டார்.

சாட்ல பேசின காலத்துல ரெண்டு பேரும் "எனக்கு நாய்னா உயிரு"ன்னு சொல்லிக்கிட்டாங்களாம். எந்த ஆப்பும் இதை நூத்துக்கு நூறு மேட்ச்னு காட்டும். ஆனா மாமா சொன்ன நாய், ஹால்ல சோபாவுக்குப் பக்கத்துல படுக்கிற, வருஷா வருஷம் ஊசி போடுற, பாக்கெட் தீனி சாப்பிடுற லேப்ரடார். அக்கா சொன்ன நாய், களத்துமேட்டுல காவல் இருக்கிற, மீந்த சோத்தைத் தின்னுற, ராத்திரி எங்க போகுதுன்னு யாருக்குமே தெரியாத நாட்டு நாய். ஸ்ட்ரிங் ஒண்ணுதான், அர்த்தம் ரெண்டு. கரும்புத் தோட்டத்துல கிடந்த குட்டியை மாமா தூக்கிட்டு வந்த அன்னிக்கே இது தெரிஞ்சுபோச்சு.

"மாப்ள, நாய் வாசப்படி தாண்டக் கூடாது." இது பெரியம்மா.

"மழையில நனையுது அத்தை." இது மாமா.

"அதுக்கு வெறக்குக் கொட்டா இருக்கு."

அக்கா யார் பக்கமும் பேசலை. ஆனா காலைல அஞ்சரை மணிக்கு மணியை வெளியே கூட்டிப் போறது யாரு, மாமா மீட்டிங்ல இருக்கும்போது சோறு வைக்கிறது யாரு, அது எடுத்த வாந்தியைக் கழுவுறது யாருன்னு பார்த்தா, மூணுமே அக்காதான். மூணு மாசத்துல பெரிய சண்டை. சண்டை நாயைப் பத்தி இல்லை. சொல்லாம தன் தலையில வந்து விழுந்த வேலையைப் பத்தி. ஒரு நாய் சராசரியா 10-லிருந்து 13 வருஷம் இருக்கும். வீட்டுக்குள்ளேயே வளர்ற பூனை 15 வருஷம் தாண்டும். பிடிக்குமா பிடிக்காதாங்கிறது ஒரு நாள் கேள்வி, வேலைங்கிறது நாலாயிரம் நாள். இப்போ காலை மாமாவோடது, மாலை அக்காவோடது, ஊசியும் டாக்டரும் மாமாவோடது. ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டியிருக்காங்க. மணி படுக்கிறது திண்ணையில; அது பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவுல வந்த ஒப்பந்தம்.

அப்போ இவ்வளவு வேலைக்கு லாபம் என்ன? அமெரிக்காவில் கேரன் ஆலன் என்ற ஆய்வாளர் 240 தம்பதிகளை வைத்து 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பாதிப் பேர் வீட்டில் நாய் அல்லது பூனை, மீதிப் பேர் வீட்டில் இல்லை. மனக்கணக்கு போடச் சொன்னார்கள், ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். அப்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். செல்லப் பிராணி பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் ஏற்றம் குறைவு. கணவனோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மனக்கணக்கில் டென்ஷன் அதிகம்! நாய் தப்பைக் கண்டுபிடிக்காது, அதான்.

இங்க நம்ம மூளை ஒரு கேள்வி கேட்கணும். அமைதியான ஆட்கள்தான் நாய் வளர்க்கிறாங்களோ என்னவோ? அதற்கும் ஆலனே 2001-ல் ஒரு சோதனை செய்திருந்தார். தனியாக வாழும், உயர் ரத்த அழுத்தம் உள்ள 48 பங்குத் தரகர்கள். எல்லோருக்கும் ஒரே மாத்திரை. அவர்களில் பாதிப் பேரைக் குலுக்கல் மாதிரி பிரித்து நாயோ பூனையோ வளர்க்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் அழுத்தத்தை மாத்திரை இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி குறைத்திருந்தது. ஆனால் மன அழுத்தம் வரும் நேரத்தில் எகிறுவதை மாத்திரையால் தடுக்க முடியவில்லை, பிராணி வளர்த்தவர்களுக்கு அது பாதியளவுக்குக் குறைந்திருந்தது. சின்ன சாம்பிள்தான், இருந்தாலும் டிசைன் சுத்தமானது. ஜப்பானில் நாகசாவா குழு 2015-ல் காட்டியது இன்னும் அழகு: நாயும் வளர்ப்பவரும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டால் இரண்டு பேருக்குமே ஆக்சிடோசின் ஏறுகிறது. தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் வேலை செய்கிற அதே ஹார்மோன். மனிதன் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

அடுத்து, சோறு. இதுல நம்ம வீடுகள்ல நல்ல மனசோடவே தப்பு நடக்குது. நாய்க்கும் பூனைக்கும் ஒரே தட்டுல தயிர் சோறு வைப்போம். 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு மரபணு ஆய்வு, ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மனிதன் விவசாயம் பண்ண ஆரம்பிச்சதும் நாயும் சோத்துக்குப் பழகிடுச்சு. அதனால முட்டையோ கறியோ சேர்ந்த சோறு நாய்க்கு ஓடும். பூனை அப்படி இல்லை, அது முழு மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது. கறி, மீன்லதான் அது இருக்கு, அரிசியிலயும் தயிர்லயும் தேறாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும். இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோயும் இதனால்தான் வருகிறது என்று 1987-ல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பாக்கெட் தீனிகளில் டாரினைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கடலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது சுலபம்: மத்தி மாதிரி விலை குறைஞ்ச மீனை வேகவச்சு முள்ளு எடுத்துக் கொடுக்கலாம். டாரின் தண்ணியில கரையும், அதனால வேகவச்ச தண்ணியைக் கொட்டாம அதையும் ஊத்துங்க. உப்பு, வெங்காயம் வேண்டாம். மீன் மட்டுமே முழுச் சாப்பாடு ஆகாது, கறி, முட்டை, பூனைத் தீனின்னு மாத்தி மாத்திக் கொடுக்கணும். பாலைப் பத்தியும் சொல்லணும்: வளர்ந்த பூனைகள்ல பெரும்பாலானதுக்கு லாக்டோஸ் செரிக்காது.

இன்னொண்ணு, காய்ச்சல்னு நினைச்சுப் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்துடாதீங்க. அந்த மருந்தைப் பிரிச்சு வெளியேத்துற வழி பூனை ஈரல்ல ரொம்பப் பலவீனம். பாதி மாத்திரையே உயிரை எடுத்துடும். நாய்க்குச் சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூணும் ஆகாது.

ரேபிஸை ஒரு பத்தியில முடிச்சிடுறேன், ஆனா இந்தப் பத்தியை மனப்பாடம் பண்ணுங்க. நோயின் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறிக்கு முன்னால் தடுத்துவிட்டால் அநேகமாக யாரும் சாவதில்லை. கடியோ கீறலோ, சொந்த நாயோ தெரு நாயோ, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம்: 0, 3, 7, 28-ஆம் நாட்களில். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவை, நீங்களே கேளுங்க. வீட்டு நாய், பூனைக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி. அப்புறம் டாக்டர் சொல்ற தேதியில, பொதுவா வருஷத்துக்கு ஒண்ணு.

பூனைக் கதை

பூனை வந்தது தானா. ஒரு ஐப்பசி மழையில ஜன்னல் வழியா உள்ள வந்து, அரிசி மூட்டை மேல படுத்துக்கிச்சு. பேரு குட்டிமா. வாசப்படிச் சட்டம் நாய்க்குத்தான், பூனைக்கு இல்லை. பெரியம்மாவோட சட்டப் புத்தகம் அப்படி.

பிரச்சனை வந்தது அக்கா மாசமானப்போ. சொந்தக்காரங்க வரிசையா வந்தாங்க. "பூனை முடி வயித்துக்குள்ள போயிடும்." "கரு கலைஞ்சிடும்." "சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வாங்க." பெரியம்மாவும் பயந்துட்டாங்க. மாமா ஒண்ணும் சொல்லத் தெரியாம நின்னாரு, ஏன்னா அவருக்கும் உள்ளுக்குள்ள பயம். பூனை மேல பாசமா, பொண்டாட்டி, குழந்தை மேல அக்கறையான்னு கேட்டா யாரு என்ன பேசுறது?

இந்தப் பயத்துக்கு ஒரு நிஜமான காரணம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முட்டை மாதிரியான உயிரணுவை உருவாக்கும், அது மலத்தில் வெளியே வரும். கர்ப்ப காலத்தில் முதல்முறையாக ஒரு பெண்ணுக்கு இந்தத் தொற்று வந்தால் குழந்தையின் மூளை, கண் பாதிக்கப்படலாம், கரு கலையவும் செய்யலாம். ஆக, சொந்தக்காரங்க முழுக்கப் பொய் சொல்லலை. ஆனா முடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. மீதியைக் கவனமாப் படிங்க. ஒரு பூனை பொதுவாகத் தன் முதல் தொற்றின்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் மட்டுமே இதை வெளியேற்றும். வெளியே வந்த உடனே அது தொற்றாது. மண்ணில் ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். ஆகவே தினமும் ஒரு தடவை மணல் டப்பாவைச் சுத்தம் செய்தால் அது முதிரும் முன்பே வெளியே போய்விடும். சுத்தம் பண்றது யாரு? மாமா. ஃப்ரிட்ஜ் கதவு அட்டவணையில ஒரு வரி கூடுச்சு, அவ்வளவுதான்.

2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. ஆறு ஐரோப்பிய நகரங்களில் கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்று வந்த பெண்களைத் தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். 30-லிருந்து 63 சதவீதத் தொற்றுக்குக் காரணம் சரியாக வேகாத இறைச்சி. 6-லிருந்து 17 சதவீதத்துக்கு மண். பூனையோடு இருப்பது தனி ஆபத்தாகத் தெரியவில்லை. நம்ம ஊர்ல கறியை நல்லா வேகவச்சுத்தான் சாப்பிடுவோம், அது நல்லது. மாடித்தோட்டம் வச்சிருந்த அக்காவுக்கு நிஜமான ஆபத்து பூனை இல்லை, தொட்டி மண்ணுதான்! அதனால கையுறை போட ஆரம்பிச்சாங்க, கீரையை ரெண்டு மூணு தண்ணியில அலசினாங்க, டாக்டர்கிட்ட கேட்டு ரத்தப் பரிசோதனையும் எடுத்தாங்க. குட்டிமாவுக்குப் பச்சைக் கறி கொடுக்கிறதையும் வெளியே எலி பிடிக்க விடுறதையும் நிறுத்தினாங்க. இப்போ குழந்தைக்கு எட்டு மாசம். பூனை அதே அரிசி மூட்டை மேலதான்.

ஆன்லைனுக்கு முன்னால ஒரு ஜோடி

ஜோடியும் பிராணியும்னு பேசினா தமிழ்நாட்டுல முதல்ல சொல்ல வேண்டிய பேர் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும். இரண்டு பேருமே விமானிகள். 1951-ல் சென்னை மாகாண அரசு வாங்கிய டவ் ரக விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துக்குள் ஓட்டிவந்து சாதனை செய்தவர்கள். 1959-ல் சென்னை மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிவந்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்தியப் புளூ கிராஸ்.

அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா ஒரு இன்ஜினியர். நாய்களைப் பிடித்துக் கொல்வதை நகராட்சிகள் பல பத்தாண்டுகளாகச் செய்தும் எண்ணிக்கை ஏன் குறையவில்லை என்று அவர் கேட்டார். நம்ம பாஷையில சொன்னா இது ஒரு கன்ட்ரோல் சிஸ்டம் பிரச்சனை. சாப்பாடும் இடமும் அப்படியே இருக்க, நாயை மட்டும் எடுத்தா, காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், மிச்சம் இருக்கிற பெட்டைகள் குட்டி போட்டு ரொப்பிடும். பதிலாக, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டால் அந்த நாய் தன் எல்லையைக் காக்கும், குட்டியும் போடாது. ஏபிசி மாதிரி சுலபம் என்பதால் அதற்கு ஏபிசி என்றே பெயர் வைத்தார்கள். 1964-ல் புளூ கிராஸ் இதை ஆரம்பித்தது. சென்னை மாநகராட்சி கையில் எடுத்தது 1996-ல். 32 வருஷம்! 2001-ல் மத்திய அரசு விதியானது, 2023-ல் புதிய விதிகள் வந்தன. எங்க மணிக்கும் கருத்தடை ஆயாச்சு. "ஆம்பளை நாய்க்கு எதுக்கு?"ன்னு ஊரே கேட்டுச்சு. ஊர்ல பெட்டை நாய் போடுற குட்டிக்கெல்லாம் அப்பா எங்கிருந்து வராராம்?

ஃபைனல் இயர் மக்களுக்கு

இப்போ நம்ம விஷயம். ஹாஸ்டல் பின்னால பூனைக்குட்டிக்குப் பால் வைக்கிற ஜோடி எல்லா காலேஜ்லயும் இருக்கு. மூணாவது வருஷம் அதுக்குப் பேர் வைப்பாங்க, இன்ஸ்டால அக்கவுன்ட் கூட இருக்கும். ஆஃபர் லெட்டர் வந்ததும் அவன் புனே, அவ பெங்களூரு. பூனை?

மறுபடி ஆல்வின் ராத்துக்கு வர்றேன். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளோடு சேர்க்கும் முறையில் ஒரு சிக்கல் வந்தது. கணவன் மனைவி இரண்டு பேரும் டாக்டர், ஒரே ஊரில் வேலை வேண்டும் என்று ஜோடியாக விண்ணப்பித்தார்கள். ஜோடிகள் உள்ளே வந்தால் ஸ்டேபிள் மேட்சிங் என்று ஒன்று இல்லாமலே போகலாம் என்று 1984-லேயே ராத் காட்டினார். கேல்-ஷேப்லியின் உத்தரவாதம் அங்கேயே உடைந்தது; 1990-களின் கடைசியில் அதற்காகவே அல்காரிதத்தை மாற்றி எழுத வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கே இந்தக் கதி. மூணாவதா ஒரு உயிர், அதுவும் வாடகை வீட்டுக்காரர் "பெட்ஸ் நாட் அலவ்டு" போர்டு வைக்கிற ஊர்ல, எப்படி இருக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

பிரிஞ்சு போனாலும் இதே கேள்விதான். நம்ம சட்டத்தில் செல்லப் பிராணி ஒரு சொத்து, பைக் மாதிரி. யார் வாங்கினார்களோ அவர்களுடையது. ஸ்பெயினில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் பிராணியை உணர்வுள்ள உயிராகப் பார்க்கிறது. விவாகரத்தில் அது யாரிடம் இருக்க வேண்டும், செலவு யாருடையது என்று நீதிமன்றமே முடிவு செய்யலாம். இங்க அந்த வசதி இல்லாததால நீங்களே பேசி வச்சுக்கணும். குட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி "நாம ரெண்டு பேரும் இல்லாட்டி இது யார் வீட்டுக்குப் போகும்?"னு கேட்டு, அந்த மூணாவது ஆளோட சம்மதத்தையும் வாங்குங்க. பதில் இல்லைன்னா குட்டியைத் தூக்காதீங்க, கருத்தடைக்கும் ஊசிக்கும் காசு சேர்த்துக் கொடுங்க. கேம்பஸ்லயே அது நல்லா இருக்கும்.

வெள்ளம்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. அதுக்கப்புறம் பெய்த மழையில சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலையில தென்பெண்ணையாத்துல ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்தாங்க. கடலூர் மாவட்டத்துல ஆத்தோர ஊர்களுக்குள்ள தண்ணி புகுந்துச்சு. அக்கா ஊர்லயும் மைக்ல சொல்லிட்டே போனாங்க, டிராக்டர் வந்துச்சு.

குட்டிமாவைக் காய்கறிக் கூடையில போட்டு மேல இன்னொரு கூடையைக் கவுத்துக் கட்டியாச்சு. மணி டிராக்டர்ல ஏறவே மாட்டேங்குது. இஞ்சின் சத்தத்துக்கு நடுங்கிட்டுத் திண்ணைக்கு அடியில போயிடுச்சு. மாமா, "நீங்க போங்க, நான் இவனோட மாடியில இருந்துக்குறேன்"ன்னாரு. அக்கா கத்துனாங்க: "உங்களுக்கு ஒண்ணு ஆனா மணியா வந்து என்னைப் பார்த்துக்கும்?" கடைசியில பக்கத்து வீட்டு அண்ணன் வந்து ஒரு ஈரச் சாக்கைத் தலை மேல போட்டு, கண்ணு மறைஞ்சதும் அப்படியே தூக்கி வண்டியில வச்சாரு. ரெண்டு நாள் ஸ்கூல் வராண்டா மூலையில கட்டிக் கிடந்துச்சு. வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்ன பெரியம்மாதான் தனக்குக் கொடுத்த சாப்பாட்டுல பாதியை அதுக்கு வச்சாங்க.

மாமா செஞ்சது முட்டாள்தனம்னு சொல்லிடலாம். ஆனா மனுஷங்க எல்லா ஊர்லயும் இப்படித்தான் செய்றாங்க. 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது, நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் நிறையப் பேர். அதற்கு அடுத்த வருஷமே, பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பிராணிக்கு இடம் கொடுத்தா மனுஷன் கிளம்புவான், கணக்கு அவ்வளவுதான். கடலூர் மாதிரி தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல்னு வரிசையாப் பார்த்த மாவட்டத்துல இது நாய்ப் பிரியர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை.

அக்கா வீட்டுல இப்போ ஐப்பசி பிறந்ததும் ஒரு பை தயாரா இருக்கும். பிளாஸ்டிக் கவர்ல தடுப்பூசிப் புத்தகம், சங்கிலி, வாயைக் கட்ட ஒரு துணி, மூணு நாளைக்குத் தீனி, மூடி போட்ட பூனைக் கூடை, ஒரு சாக்கு. கழுத்துப் பட்டையில ரெண்டு பேர் போன் நம்பரும் அழியாத மையில எழுதியிருக்கு. போன்ல நாயும் பூனையும் நம்மகூட இருக்கிற மாதிரி ஒரு போட்டோ வச்சுக்கோங்க, தொலைஞ்சா அடையாளம் காட்ட அதுதான் உதவும். வெயில் காலத்துலயே மாசம் ஒரு தடவை சும்மா நின்னுட்டிருக்கிற வண்டியில ஏத்தி இறக்கிப் பழக்குங்க.

இது எதுவுமே முடியாம, உங்களை மட்டும்தான் ஏத்துவோம்னு சொல்ற நிலைமை வந்தா, சங்கிலியை அவிழ்த்துட்டு, மாடிப்படிக் கதவைத் திறந்து வச்சுட்டுக் கிளம்புங்க. கொட்டகையில ஆடு மாடு இருந்தா அதோட கயித்தையும் அவிழ்க்கணும். கழுத்துல கயிறு இருந்தா நீச்சல் தெரிஞ்ச நாயாலயும் தப்பிக்க முடியாது.